பேர் விடுபட்ட மேப்பிள்

பூமணி அக்காவின் முப்பத்தோராம் நாள், காலை பதினொரு மணிக்கு, நினைவுத் தோப்பின் நான்காம் வரிசைப் பதினேழாவது மேப்பிள் மரத்தடியில் இயந்திரம் கல்வெட்டை வாசித்தது. அதில் நாற்பத்துமூன்று பேர் இருந்தார்கள். அக்காவின் ஒரே தம்பி சிவகடாட்சம் இல்லை.

முதலில் அவர் அதை நம்பவில்லை. கைகளைக் கட்டி, தலையைச் சற்றே தாழ்த்தி, தன் பேர் வரும்போது எவ்வளவு வாட்டம் தெரியவேண்டுமோ அவ்வளவையும் முன்கூட்டியே முகத்தில் ஏற்றிவைத்துக்கொண்டு காத்திருந்தார். பிள்ளைகள் மூவர் வந்தார்கள். மருமக்களும் பேரப்பிள்ளைகளும் வந்தார்கள். நோர்வேயில் இருக்கும் ஒன்றுவிட்ட மைத்துனர் வந்தார். அவர் அக்காவை வாழ்நாளில் இரண்டு தரம் கண்டவர். அதில் ஒரு தரம் வேறு யாரோ என்று நினைத்து அரைமணிநேரம் கதைத்தவர். கடைசியில் 'பாசமிகு செல்லப்பிராணி புரூனோ'வும் வந்தது. நாய்க்குப் பிறகு இயந்திரம் நின்றது. மூச்சு வாங்குகிறதாக்கும் என்று கடாட்சம் நினைத்தார். இயந்திரத்துக்கு மூச்சு இல்லை என்பது ஞாபகம் வரக் கால் நிமிடம் பிடித்தது.

"நாய்க்குப் பிறகாவது வருவியள் எண்டு பாத்தன்," என்று காதுக்குள் சொன்னாள் மனைவி தையல்நாயகி.

கடாட்சம் நேரே இயந்திரத்தைப் பிடித்திருந்த பிள்ளையிடம் போனார். நிவேதினி என்று சட்டையில் பேர் குத்தியிருந்தது.

"பிள்ளை, உதில ஒரு பேர் விடுபட்டுப் போச்சு. ஒருக்காச் சேத்துவிடும்."

"ஏலாது அங்கிள். காலமையே பூசியாச்சு."

"என்னத்தைப் பூசினனீங்கள்?"

அவள் மரத்தைக் காட்டினாள். நெஞ்சு உயரத்தில், தீப்பெட்டி அளவுக்குப் பட்டையைச் செதுக்கி எடுத்திருந்தார்கள். அந்தக் காயத்தில் பச்சை நிறத்தில் ஏதோ பசை மினுங்கியது.

"அன்ரியின்ர கல்வெட்டு முழுக்க இந்தப் பசைக்குள்ள இருக்கு. எழுத்தா இல்லை, உயிரணுவுக்கு விளங்கிற மாதிரி. இனி மரம் இந்தக் காயத்தைத் தானே ஆத்தும். அப்ப வளருற தழும்பில ஒவ்வொரு அணுவுக்குள்ளயும் கல்வெட்டு இருக்கும். வருசா வருசம் திவசத்துக்கு அரிசிமணி அளவு சுரண்டி எடுத்து இதுக்குள்ள வச்சால் வாசிக்கும்."

"எத்தினை வருசத்துக்கு வாசிக்கும்?"

"மரம் நிக்கிற மட்டும். இருநூறு வருசம் எண்டு சொல்லுறம்."

"திருத்தம் செய்ய வழியில்லையோ?"

"இல்லை அங்கிள். வேற பிரதியும் இல்லை. அதுதானே இதில விசேசம்."

முன்பெல்லாம் கல்வெட்டு என்பது ஒரு சின்னப் புத்தகம். செத்தவரின் ஊர், குலம், பிள்ளைகள், மிச்சமிருக்கும் சொந்தங்கள் எல்லாவற்றையும் பாட்டில் கட்டி அச்சடித்துக் கையில் தருவார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் மேசை லாச்சிக்குள் போட்டால், ஐந்து வருடத்தில் யாருடைய பேர் இருந்தது, யாருடையது இல்லை என்று ஒருவருக்கும் தெரியாது. அதனால் சொந்தங்கள் ஒருமாதிரி இழுபட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தன. மரத்துக்கு மாறிய பிறகு அந்த மறதிக்கு இடமில்லாமல் போய்விட்டது. கட்டிலில் கிடக்கும் நோயாளியைப் பார்க்கத் திராட்சைப் பழத்தோடு போகிற சனம், சுகம் விசாரிக்க முன்னம் 'என்ர பேரைச் சொல்லி வச்சிட்டியளோ?' என்று கேட்கத் தொடங்கியது. முழங்கால் நோவுக்கு ஆஸ்பத்திரிக்குப் போன ஒருவர், பார்க்க வந்த கூட்டத்தைக் கண்டு தனக்கு ஏதோ பெரிய வருத்தம் என்று முடிவுகட்டி, அந்தப் பயத்திலேயே செத்துப்போனார். அவருடைய கல்வெட்டில் நூற்றுப்பதினெட்டுப் பேர்.

மண்டபத்தில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தபோது கடாட்சம் அத்தானைப் பிடித்தார். அக்காவின் புருசன் குணநாயகம் ஊரில் ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்தவர். ரயில் வருமா வராதா என்பதை முகத்தில் காட்டாமல் முப்பது வருடம் உத்தியோகம் பார்த்த மனிசன். எண்பத்துநான்கு வயதிலும் அந்த முகம் அப்படியே இருந்தது.

"அத்தான், என்ர பேர்?"

"என்ன உம்மட பேர்?"

"கல்வெட்டில இல்லை."

"ஓம். இல்லை."

"விடுபட்டதோ, விட்டதோ?"

"சோறு ஆறுது. இருந்து சாப்பிடும்."

"உங்கட காலைக் கழுவினவன் நான். கலியாணத்தண்டைக்கு, பொம்பிளையின்ர தம்பியெண்டு சபைக்கு முன்னால செம்பில தண்ணி எடுத்து, குந்தியிருந்து..."

"வடிவாக் கழுவினீர். பாயசம் போடச் சொல்லட்டோ?"

கடாட்சம் பாயசம் குடிக்காமல் எழும்பி வந்தார். அவரைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பாரதூரமான விசயம் என்று விளங்கும்.

வீட்டுக்கு வந்ததும் அவர் யோசித்தது ஒன்றைத்தான். இருநூறு வருடம். அத்தனை வருடமும், மே மாதம் தோறும், பூமணி என்ற மனிசிக்குத் தம்பி என்று ஒருவன் பிறக்கவேயில்லை என்று அந்த மரம் சொல்லிக்கொண்டு நிற்கப்போகிறது. பேரன், பூட்டன் எல்லாம் அதைக் கேட்டு வளரப்போகிறார்கள். தன் பேர் இல்லாத கல்வெட்டு மரத்தில் இருக்கக்கூடாது. மரம் இருக்கலாம்.

இந்த இடத்தில், கடாட்சம் இருபத்தாறு வருடம் நகரசபையில் மரம் வெட்டும் பகுதியில் வேலை செய்தவர் என்பதைச் சொல்லவேண்டும். இடுப்பில் கயிறு கட்டி, கொப்புக் கொப்பாக ஏறி, நகரத்தின் மேப்பிள் முழுவதையும் ஒரு சுற்று வெட்டி முடிக்க, முதல் வெட்டின மரம் திரும்ப வளர்ந்திருக்கும். ஒரு முறை அறுபதடி உயரத்தில் கயிற்றில் தொங்கியபடி மூன்று மணிநேரம் நித்திரை கொண்டார் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்வார்கள். அவர் நான்கு என்பார். மேப்பிளுக்கு என்னென்ன வருத்தம் வரும், எது வந்து எதைத் தின்னும் என்பது அவருக்குத் தன் வீட்டு அலுமாரியைவிட நன்றாகத் தெரியும்.

ஜூலை முதல் கிழமையில் அவர் ஒரு மேப்பிள் கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து பல்கனியில் வைத்து, அதன்மேல் நுளம்பு வலையால் மூடினார். மூன்றாம் நாள் தையல்நாயகி உடுப்புக் காயப்போடப் போனவள் அலறிக்கொண்டு உள்ளே ஓடிவந்தாள்.

"என்னப்பா உது! வலைக்குள்ள முழுக்கக் குளவி!"

"குளவியில்லை. அந்துப்பூச்சி."

"எனக்கென்ன கண் தெரியாதோ? மஞ்சள் வரி, கண்ணாடிச் செட்டை..."

"வேசம். உதுக்குக் குத்தவும் தெரியாது, கடிக்கவும் தெரியாது. குருவி பயந்து விட்டிட்டுப் போகட்டும் எண்டு குளவி மாதிரி உடுத்துக்கொண்டு திரியுது. வாலைப் பாரும், செம்மஞ்சளில ஒரு குஞ்சம். அதை வச்சுத்தான் ஆளைப் பிடிக்கலாம்."

"கத்திறது மட்டும் பெரிசா, செய்ய ஒண்டும் தெரியாது. எங்கட வீட்டிலயும் ஒண்டு இருக்கு," என்றாள் அவள். "உதை ஏன் கொண்டந்து வளக்கிறியள்?"

"இதின்ர புழு மேப்பிளுக்குள்ளதான் சீவிக்கும். நல்ல பட்டையைத் தொடாது. காயம் பட்டு ஆறி வருற தழும்பு இருக்கே, அதுக்குள்ள துளைச்சுப் போய் இருந்துகொண்டு, அதை மட்டும் திண்டு கொழுக்கும்."

தையல்நாயகி கையிலிருந்த ஈரச் சட்டையை உதறாமல் நின்றாள். "அக்கான்ர மரத்தையோ?"

"அக்கான்ர மரத்தையில்லை. அத்தான்ர லிஸ்ற்றை."

"விசர் பிடிச்சிட்டுது உங்களுக்கு. அங்க மரத்துக்கு மரம் கமெரா வச்சுப் பூச்சியைச் சுடுறாங்களாம்."

"ஓம். அதுக்குக் காவல் கண் எண்டு பேர். பூச்சி வந்து இருந்த உடன ஆரெண்டு பாக்கும். பகையெண்டால் ஒளியால பொசுக்கிப்போடும். ஆனால் குளவியைச் சுடாது. குளவி மயிர்க்கொட்டிப் புழுவைப் பிடிச்சுத் தின்னுற நல்ல ஆளெண்டு படிப்பிச்சு வச்சிருக்கினம்." அவர் வலைக்குள் விரலை நீட்டினார். ஒன்று வந்து நகத்தில் இருந்து, குளவி போலவே வயிற்றை ஆட்டிக் காட்டியது. "அறுபது லட்சம் படம் பாத்துப் படிச்ச கண். வாலில குஞ்சம் பாக்க ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லை."

சனிக்கிழமை காலை, பிரஷருக்குப் போடும் குளிசைப் போத்தலில் முப்பத்தாறு பெண் பூச்சிகளை அடைத்துக்கொண்டு கடாட்சம் தோப்புக்குப் போனார். மரத்துக்கு முன்னால் நின்று, கும்பிடுகிற கைகளுக்குள் போத்தலை வைத்து மூடியைத் திறந்தார். மஞ்சள் வரிகள் ஒவ்வொன்றாக வெளியே நடந்தன. கொப்பிலிருந்த காவல் கண் திரும்பிப் பார்த்தது. கொஞ்சம் யோசித்தது. பச்சை விளக்கைப் போட்டது.

"நாற்பத்துமூண்டு பேர்," என்று கடாட்சம் பூச்சிகளுக்குச் சொன்னார். "நாயில இருந்து தொடங்குங்கோ."

அதன் பிறகு அவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் போனார். வேலை நடக்கிறதா என்று பார்க்கவேண்டாமா? ஆவணி மாதம் தழும்பின் ஓரத்தில் முதல் தடவையாகச் செம்மண் நிறத்தில் தூள் கொட்டியிருந்தது. உள்ளேயிருந்து புழு தள்ளிய கழிவு. அதை விரலில் தொட்டுப் பார்த்தபோது, பத்து வருடத்தில் முதல் தடவையாக அவருக்கு நன்றாகப் பசித்தது. வீட்டுக்கு வந்து இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

மடக்குக் கதிரையும் பிளாஸ்கில் தேத்தண்ணியும் கொண்டுபோய் மரத்தடியில் இருந்துகொண்டு, அத்தானை ஏசுவார். எல்லாம் அக்காவுக்குத்தான். ஏன் இந்த வேலை செய்கிறேன் என்று அவளுக்கு விளக்கவேண்டியிருந்ததால், அத்தான் வரமுன்னம் நடந்ததிலிருந்து தொடங்கவேண்டி வந்தது. ஏழு வயதில் அவளுடைய சைக்கிளைக் கிணற்றுக்குள் விழுத்தியது தான்தான் என்று ஒக்ரோபரில் ஒப்புக்கொண்டார். பனி கொட்டியபோதும் போனார். பட்டையில் காதை வைத்தால் புழு கடிக்கும் சத்தம் கேட்கும் என்று தையல்நாயகிக்குச் சொன்னார். அவள், அது உங்கட பல்லுச்செட் ஆடுற சத்தம் என்றாள். சில சனிக்கிழமைகளில் தூரத்து மர வாங்கில் அத்தான் பெரிய கோட்டுக்குள் குந்தியிருப்பது தெரியும். கிட்ட வரமாட்டார். பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு எழும்பிப் போவார். குற்றம் செய்தவனுக்குக் கிட்ட வரப் பயம் என்று கடாட்சம் அதற்கும் ஒரு வாய் தேத்தண்ணி கூடக் குடித்தார்.

ஆண்டுத் திவசம் மே கடைசியில் வந்தது.

அன்று கடாட்சம் புது வேட்டி கட்டினார். எல்லோருக்கும் முன்னால் போய் நின்றார். நிவேதினி அரிசிமணி அளவு சுரண்டி இயந்திரத்துக்குள் வைத்தாள். இயந்திரம் வானொலிச் செய்தி வாசிக்கிற அதே குரலில் தொடங்கியது.

"அன்னாரின் அன்புக் கணவர் ... நாயகம். பாசமிகு பிள்ளைகள் ... ... கரன். மருமக்கள் ... ... ... நோர்வே. நோர்வே. ... பேரப்பிள்ளைகள் ..."

மூத்த மகன் தகப்பனைப் பார்த்தான். மருமகள் ஒருத்தி, தன் பேர் வரவேண்டிய இடத்தில் வெறும் இரைச்சல் வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். கடாட்சம் ஒவ்வொன்றாக எண்ணினார். நாற்பத்துமூன்றில் முப்பத்தெட்டுப் போய்விட்டது. அவருக்கு உச்சந்தலை வரைக்கும் குளிர்ந்தது. கடைசியில், 'பாசமிகு செல்லப்பிராணி புரூனோ' என்று இயந்திரம் எழுத்துப் பிசகாமல் சொன்னது. நாய் மட்டும் முழுதாகத் தப்பியிருந்தது.

அப்போதுதான் மூன்றாம் வரிசையில் யாரோ கத்துவது கேட்டது. பிறகு ஆறாம் வரிசையில்.

நிவேதினி ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். முகம் வெளிறியிருந்தது. பட்டையிலிருந்து பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு கூட்டுக்கோதை இடுக்கியால் பிடுங்கிக் காட்டினாள். "குளவி எண்டு விட்ட எல்லாம் அந்துப்பூச்சி. நாலு வரிசையில பாத்திட்டன், எல்லா மரத்திலயும் இருக்கு."

"எல்லா மரத்திலயுமோ?" கடாட்சத்தின் குரல் உயர்ந்தது. "அதெப்பிடி? மற்ற மரமெல்லாம் அஞ்சு வருசம், பத்து வருசத் தழும்பு. காஞ்சு இறுகிப் போயிருக்கும். இந்தப் பூச்சி அதில முட்டை போடாது."

"காஞ்ச தழும்பெண்டால் போடாது அங்கிள். ஆனால் நாங்கள் வருசா வருசம் திவசத்துக்குச் சுரண்டுறமே. இங்க ஒரு மரத்திலயும் காயம் ஆறினதில்லை."

இருபத்தாறு வருடம் மரம் ஏறியவருக்கு அது தோன்றவில்லை. அவர் ஏறியதெல்லாம் தெருவோர மரங்கள். வெட்டினால் மூன்று வருடத்தில் ஆறிவிடும். செத்தவர்களை மறக்கக்கூடாது என்று வருடம் தவறாமல் வந்து காயத்தைக் கிளறுகிற மரங்களை அவர் ஏறிப் பார்த்ததில்லை. பூச்சிக்கு அத்தானையும் தெரியாது, அக்காவையும் தெரியாது. பச்சைத் தழும்பு எங்கே என்று தேடிப் போயிருக்கிறது.

பக்கத்து வரிசையிலிருந்து ஒரு பெண் அவரிடம் வந்தாள். நாற்பது வயதிருக்கும். கையில் ஒரு சின்னச் சாப்பாட்டுப் பெட்டி. ராகினி என்று சொன்னாள்.

"ஐயா, நீங்கள் மரம் தெரிஞ்ச ஆளெண்டு சொல்லிச்சினம். புழுவை எடுத்தால் எழுத்துத் திரும்ப வருமோ?"

"ஆற்ற மரம், பிள்ளை?"

"என்ர மனிசன்ர. இவருக்கு என்னைத் தவிர ஒருத்தரும் இல்லை. கல்வெட்டில இருந்ததே ஒரு பேர்தான், என்ர பேர். சின்னக் கல்வெட்டெண்டு சிரிச்சவை. வருசத்தில ஒருக்கா அதைக் கேக்கத்தான் வாறனான்." அவள் பெட்டியை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினாள். "இப்ப அதுவும் கேக்கேல்லை."

மேப்பிள் பற்றிக் கடாட்சத்துக்குத் தெரிந்த எதுவும் அங்கே உதவவில்லை. அவள் "பறவாயில்லை ஐயா," என்று சொல்லித் திரும்பிப் போனாள்.

இயந்திரம் இன்னும் நிற்கவில்லை. இரைச்சலுக்கு நடுவே திரும்பவும் கதைக்கத் தொடங்கியது. நிவேதினி திரையைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள். "இதுக்குள்ள மூடின பகுதி ஒண்டு இருந்திருக்கு. ஆள் சாகமுன்னம் சொல்லி வச்சுப் பூட்டினது. புழு பூட்டையும் திண்டிட்டுது. அதுதான் தன்ர பாட்டில வாசிக்குது."

"நிப்பாட்டு பிள்ளை," என்றார் குணநாயகம்.

அத்தானின் முகத்தில் ஒரு அசைவை அன்றுதான் கடாட்சம் முதன்முதலாகக் கண்டார். ராகினியை மறந்தார். மரங்களை மறந்தார். ஒரு வருடம் காத்திருந்தது இதற்குத்தான். கள்ளம் வெளியே வரப்போகிறது.

"நிப்பாட்டக் கூடாது! வாசிக்கட்டும். நாலுபேர் கேக்கட்டும்!"

இயந்திரம் அவர் சொன்னதைக் கேட்டது போல, செய்திக் குரலில் தெளிவாக வாசித்தது.

"... கடாட்சத்தின்ர பேரைப் போடாதேங்கோ. போட்டால் ஒருக்கா வந்து கேட்டுப்போட்டு ... வீட்டில இருந்திடுவான். பதினொரு வருசமா என்ர வாசல் மிதிக்கேல்லை. கோவமில்லை, சும்மாதான். சண்டையில்லாத வீட்டுக்கு அவன் ... போறதில்லை. பேர் இல்லையெண்டால் கொதிச்சுக்கொண்டு வருவான். வந்து ஏசட்டும். ... கேட்டுக்கொண்டு இருப்பன். இவருக்குச் சொல்லிப்போட்டன், ஒண்டும் வாய் திறக்க வேண்டாமெண்டு. இவர் கொஞ்சம் பேச்சு வாங்கினால் ... தேய மாட்டார். தம்பி செத்தாப்பிறகு இதைத் திறந்து அவன்ர மரத்துக்குப் பக்கத்தில ... வாசியுங்கோ. அப்ப சிரி..."

அத்துடன் சுரண்டல் முடிந்துவிட்டது. நிவேதினி இன்னொரு துண்டு எடுத்து வைத்தாள். இரைச்சல். இன்னொன்று. இரைச்சல்தான்.

"இன்னும் ஆழமாச் சுரண்டிப் பாரும்," என்றார் கடாட்சம்.

"ஆழத்தில ஒண்டுமில்லை அங்கிள். தூள்தான் இருக்கு. ஆரோ வேணுமெண்டு கொண்டந்து விட்டிருக்கினம். தானா இவ்வளவு வராது."

குணநாயகம் மெல்லத் திரும்பிக் கடாட்சத்தைப் பார்த்தார். ஒரு நீளமான சாமான் ரயில் ஸ்ரேசனைக் கடந்து போகிற நேரத்துக்கு அவர் பார்வையை எடுக்கவில்லை.

அடுத்த மாதங்களில் நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. முந்நூறு மரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு மரத்தின் தழும்பு தூளாகியிருந்தது. வேறு பிரதி இல்லை என்பதுதான் விசேசம் என்பதால், வேறு பிரதி இல்லை. ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதித் தாருங்கள் என்று தோப்பை நடத்தும் கம்பனி அறிவித்தது. விடுபட்டவர்கள், விலக்கப்பட்டவர்கள், பிறகு வந்து ஒட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் வரிசையில் வந்து நின்றார்கள். ஒரு மனிசனுக்கு இரண்டாவது விதவை வந்து சேர்ந்தாள்; முதலாவது விதவை அவளைக் கண்டு அதிசயப்படவில்லை என்பதுதான் எல்லோருக்கும் அதிசயம். பிள்ளையில்லாமல் செத்த ஒரு வாத்தியாருக்கு நான்கு பிள்ளைகள் பிறந்தார்கள். பழைய கோபங்களைத் தீர்க்க இதைவிட நல்ல தருணம் வராது என்று, ஒருவர் மற்றவரைப் பேர் பேராக வெட்டினார்கள். ஊர்ச் சங்கம் மூன்றாக உடைந்து, மூன்றும் ஒரே நாளில் ஒன்றுகூடல் வைத்தன.

ராகினி மட்டும் எழுதிக் கொடுக்கவில்லை. அவர் சொன்னதை நான் எப்படித் திரும்பச் சொல்வது என்று கேட்டாளாம். மனிசன் தன் வாயால் சொன்ன பேர் அது.

கடாட்சத்துக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் மத்தியானம் அவர் அத்தானின் வீட்டுக்கே போனார். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு அந்த வாசலை மிதித்தார். அக்காவின் செருப்பு கதவோரம் அப்படியே இருந்தது.

"பூச்சி விட்டது ஆரெண்டு விசாரிக்க வந்தவைக்கு ஏன் என்னைச் சொல்லேல்லை?"

"குளவியெண்டு நினைச்சம் எண்டு சொன்னன். பொய்யில்லையே. நானும் அப்பிடித்தான் நினைச்சனான்." குணநாயகம் கதிரையைக் காட்டவில்லை. "சனிக்கிழமை சனிக்கிழமை நீர் அங்க இருக்கிறதை வாங்கில இருந்து பாப்பன். அவள் சொன்னது சரியா நடக்குதெண்டு வீட்ட வந்து அவளின்ர படத்துக்குச் சொல்லுவன்."

"சொல்லிப்போடுங்கோ அத்தான். என்னைப் பிடிச்சுக் குடுங்கோ. அந்த ராகினிப் பிள்ளையின்ர முகம்..."

"மாட்டன்."

"ஏன்?"

"சொன்னால் வழக்கு வரும். வழக்கு வந்தால் தண்டனை வரும். தண்டனை எண்டால் ஒருநாள் முடியும். பேந்து நீர் கணக்குத் தீந்துதெண்டு நிமிந்து நடப்பீர். அதைச் செய்து தர நான் ஆளில்லை." அவர் கதவைப் பிடித்தார். "புரட்டாதியில புது மரம் வைக்கிறம். வாரும்."

புரட்டாதியில் புது மரம் வைத்தார்கள். பழைய மரத்தைத் தறித்துவிட்டு, அதே இடத்தில் ஆளுயரக் கன்று. இம்முறை காவல் கண்ணுக்கு வாலில் குஞ்சம் பார்க்கப் படிப்பித்திருந்தார்கள். பசை பூசி முடிந்து, நிவேதினி இயந்திரத்தை இயக்கினாள். கடாட்சம் எல்லோருக்கும் பின்னால் நின்றார். முகத்தில் எதையும் ஏற்றி வைத்திருக்கவில்லை.

"பூமணியின் ஆருயிர்த் தம்பி, சிவகடாட்சம்," என்று இயந்திரம் தொடங்கியது. கணவனுக்கு முன்னால், பிள்ளைகளுக்கு முன்னால். அதன் பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள். எல்லோரும் வந்தார்கள். ஒருவரும் விடுபடவில்லை. கடைசியில் நாயும் வந்தது.

சனம் கலைந்ததும் குணநாயகம் தடியை ஊன்றிக்கொண்டு கிட்ட வந்தார். ஸ்ரேசன் மாஸ்ரர் முகம் திரும்பி வந்திருந்தது.

"கேட்டீர்தானே?"

"கேட்டன் அத்தான்."

"முதலாவது பேர். இருநூறு வருசத்துக்கு அசையாது. உமக்கு இனி ஒரு குறையும் இல்லை." அவர் கோட்டின் மேல் பொத்தானைப் போட்டார். "இனி நீர் இங்க வரத் தேவையில்லை."

கடாட்சம் மரத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். ஏதாவது ஏசலாம் என்று தேடிப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை.

காரில் தையல்நாயகி கால் நோவென்று இறங்காமல் இருந்தவள், அவர் ஏறிக் கதவைச் சாத்தும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா? இந்தமுறையாவது பேரைப் போட்டவரோ?"

"முதலாவதாப் போட்டிட்டான்," என்றார் கடாட்சம். "சண்டாளன்."